குடைக்காரம்மாவின் பன்னிரண்டாவது வழக்கு

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? இடுப்பு வலி போனதா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் "அப்புறம்?" "அப்புறம் ஒண்ணுமில்ல" என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு வார இதழில் பன்னிரண்டு எழுத்தாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: "இதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று உங்களை ஏங்கவைத்த துப்பறியும் தொடர் எது?" ஏழு பேர் நம் குடைக்காரம்மாவைச் சொல்லியிருக்கிறார்கள்! "ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைப் பாதுகாக்கும் ஒரு பெண்மணி, யாரோ மறந்துவிட்டுப் போன குடையையோ கண்ணாடியையோ வைத்துக்கொண்டு ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்கும் பதினோரு நாவல்கள்" என்று அறிமுகம் வேறு. என் புத்தகமெல்லாம் ரயிலில் தூக்கம் வருவதற்கு நல்லது என்று ஒருகாலத்தில் எழுதினாரே, அந்தப் பெரிய மனிதர்கூட அந்த ஏழு பேரில் ஒருவர். "பொறாமையில் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை" என்கிறார்.

கடை வாசலில் நின்றபடியே படித்தேன். சந்தோஷம் தாங்காமல் கடைக்காரரிடம், "இதுல வர்றது நான்தாங்க" என்றேன். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டோ போடலையே சார்" என்றார். அவ்வளவுதான் கொண்டாட்டம். வீட்டுக்கு வந்து இதழைச் சாப்பாட்டு மேசையில் எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தேன். என் மனைவி பிரிந்து போனதிலிருந்து அந்த நாற்காலியில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

பதிப்பாளர் போன் செய்தார். பன்னிரண்டாவது வேண்டுமாம். ஐந்து வருடமாக ஒரு வரி ஓடவில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஆனாலும் உட்காரப் போகிறேன். வழக்கம்போல் கடைசி அத்தியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புவேன். குற்றவாளி யார் என்று நீ சொல்ல வேண்டும். நீ கண்டுபிடித்துவிட்டால் நான் மாற்றி எழுத வேண்டும். விளையாட்டு அதேதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


ஜனவரி 30

அன்புள்ள பொடியா,

இங்கே சுகம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கடையில் விற்கிற களிம்பையெல்லாம் நம்பாதே, நானே எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன்.

கேட்டு மனசு நிறைந்தது. ஏழு பேர் என்பது கொஞ்சமா? மீதி ஐந்து பேருக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் இருந்திருக்கும், சொல்ல வெட்கம்.

நான் ஆஸ்பத்திரி மருந்தக வேலையை விட்டுவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை. நின்று நின்று கால் தேய்ந்தது போதும் என்று தோன்றியது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா பேச்சுத்துணைக்கு இருக்கிறாள். அவள் பேச, மெஷின் பேச, எனக்கு வாயைத் திறக்கவே இடம் கிடைப்பதில்லை.

நீ எழுது. என்ன ஆனாலும் நிறுத்தாதே. இந்த முறையாவது விஷத்தின் அளவை என்னிடம் கேட்டுவிட்டுப் போடு. ஏழாவது புத்தகத்தில் நீ கொடுத்த அளவுக்கு ஒரு யானை தும்மக்கூடத் தும்மாது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருப்பாய், வேலையை விட்டுவிட்ட மகராசி. நல்ல காரியம் செய்தாய், இனி நிம்மதியாகப் படிக்கலாம். அந்தச் சந்தோஷமோ என்னவோ, உன் கடிதத்தில் எழுத்தெல்லாம் கட்டைவிரல் பருமன், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மலையேறப் போகின்றன!

இத்துடன் பதினான்கு அத்தியாயங்கள். கடைசி ஒன்று என் அலமாரியில். ரயில் பெட்டியில் ஒற்றைக் கையுறை கிடைக்கிறது, இன்னொன்று கிடைப்பதற்குள் ஒரு சாவு. எழுதி முடித்துவிட்டேன் என்பதே எனக்கு நம்ப முடியவில்லை.

போன வாரம் ஒரு நாவலாசிரியர் வந்திருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது, தாடி, பரிசெல்லாம் வாங்கியவர். அந்த ஏழு பேரில் இவரும் ஒருவர். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"சார், உங்க குடைக்காரம்மாவ நான் எழுதியிருக்கணும் சார். பதினோரு புக்கையும் எடுத்து வரிவரியா பிரிச்சுப் பாத்துட்டேன். எங்க பிடிச்சீங்கன்னே புரியல."

"எனக்கும் புரியலைங்க."

"தன்னடக்கம் சார் உங்களுக்கு."

தன்னடக்கம் இல்லை அக்கா. அவர்கள் எல்லோரும் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்குகிற அதே புத்தகங்களைப் பார்த்து இப்போது நானும் அப்படித்தான் ஏங்குகிறேன். வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. அதைச் சொன்னால் அவர் இன்னும் கையைப் பிடித்துக்கொள்வார். அதனால் காபி கொடுத்தேன். அவர் போன பிறகு இரண்டு தம்ளர்களைக் கழுவினேன். இரண்டு தம்ளர் கழுவி எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

படித்துவிட்டுச் சீக்கிரம் எழுது. வேறு யார் சொல்வதையும் நான் நம்பப் போவதில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள பொடியா,

நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே வெயில், சோம்பல்.

புத்தகம் பிரமாதமாக வந்திருக்கிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. பழைய குடைக்காரம்மா அப்படியே இருக்கிறாள். குற்றவாளி நிலைய மேலாளர்தான் என்று நினைக்கிறேன். சரிதானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நலம்.

நிலைய மேலாளர் நான்காம் அத்தியாயத்திலேயே இறந்துவிட்டார். அவருடைய சாவைத்தான் குடைக்காரம்மா மீதிப் புத்தகம் முழுக்க விசாரிக்கிறாள்.

படிக்க நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பிடிக்கவில்லை என்றுகூட எழுதியிருக்கலாம். "பிரமாதம்" என்று எழுத இந்த ஊரில் எனக்கு ஆள் இருக்கிறார்கள் அக்கா.

இனித் தொந்தரவு செய்யவில்லை.

தம்பி


ஜூலை 6

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவை எடுத்தாய். "நல்லா இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. நான் எழுதிய கடிதம் சரியில்லை. தபால் பெட்டியில் போட்ட அன்றே தெரிந்தது, பெட்டிக்குள் கையை விட முடியவில்லை.

நேற்று அந்த இதழ்க்காரர்கள் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஏழு பேரும் மேடையில், நடுவில் நான். ஒவ்வொருவரும் எழுந்து குடைக்காரம்மாவை ஏன் தங்களால் எழுத முடியவில்லை என்று பேசினார்கள். தன் கண்ணெதிரே தன் திதியைப் பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "யாருக்கும் தெரியாதது குடைக்காரம்மாவுக்கு மட்டும் எப்படிங்க தெரியுது?"

பொதுவாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பேன். நேற்று வாயில் வரவில்லை. "தெரியலைங்க" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

விருந்துக்கு நிற்காமல் வந்துவிட்டேன். அக்கா, நீ சரியாக இருக்கிறாயா? இதை மட்டும் எழுது.

தம்பி


ஜூலை 19

அன்புள்ள பொடியா,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. நான் சொல்ல, தையல்காரம்மா எழுதுகிறாள். இனி எனக்கு வரும் கடிதத்தைப் படிப்பதும் இவள்தான், அதனால் இவளைப் பற்றி ஏதாவது எழுதுவதாக இருந்தால் நல்லதாகவே எழுது.

கோபம் ஒன்றுமில்லை. எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஒரேயடியாக இருட்டாகாது என்கிறார் டாக்டர். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் அழிந்துபோகிறது, சுற்றியிருப்பது தெரிகிறது. எதிரில் ஆள் வந்தால் தோள் தெரியும், காது தெரியும், முகம் இருக்காது. எழுத்தும் அப்படியே. இனி மருந்தில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிறார்.

வேலையை நானாகத்தான் விட்டேன். ஒரு நாள் வேறு மாத்திரையைக் கொடுக்க இருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் பார்த்து வாங்கி வைத்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் அத்தியாயங்களை இவள்தான் படித்துக் காட்டினாள். ஊசியில் ஒரு கண், காகிதத்தில் ஒரு கண்...

(அண்ணே, நான் எழுதறேன். அந்தச் சமயம் பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் குவிஞ்சு கெடந்துச்சு. அக்காவும் "போதும்மா, உனக்கு வேலை இருக்கு, மீதிய நான் ஊகிச்சுக்கறேன்"ன்னு மூணாவதுலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. அந்த மேலாளர் நாலாவதுல செத்துப்போவார்னு நாங்க கண்டோமா?)

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஐந்து வருடம் கழித்து எழுத உட்கார்ந்திருந்தாய். தெரிந்தால் பேனாவை மூடிவிட்டு ஓடி வருவாய். வந்து என்ன செய்வாய்? நான் பாத்திரம் தேடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். புத்தகமும் போகும். அது எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

நான் சமாளித்துக்கொள்கிறேன். அழுதுகொண்டு பதில் எழுதாதே, இவளுக்குப் படிக்கக் கஷ்டம்.

அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்கா,

அழவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டேன், வியாழக்கிழமை காலை வருகிறேன். பதினான்கு அத்தியாயங்களையும் நானே படித்துக் காட்டுகிறேன். பாத்திரம் தேடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன், நானும் சேர்ந்து தேடுவேன்.

தையல்காரம்மாவுக்கு: நிலைய மேலாளர் விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ரயிலில் பாதியும் வீட்டில் பாதியும் சாப்பிட்டேன். உனக்குச் சொட்டு மருந்து வேளாவேளைக்குப் போகிறதா? நான் விசாரித்ததாகத் தையல்காரம்மாவிடம் சொல்லாதே, அவரே இதைப் படிப்பார்.

அங்கே இருந்தபோது நான் அதிகம் பேசவில்லை. இங்கே வந்துதான் பேச்சு வருகிறது.

முதல் நாள் நீ கதவைத் திறந்து, என் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து "வாடா" என்றாயே, அப்போது யாரோ எனக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ என் முகத்தை ஓரக்கண்ணால் பிடிக்கத்தான் அப்படிப் பார்க்கிறாய் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

படித்துக் காட்ட ஆரம்பித்ததும் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. நீ சுவரில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்து பட்டன் தைத்தபடி கேட்டார். இரண்டாம் நாள் எனக்கே என் குரல் கேட்கத் தொடங்கியது. அச்சில் ஓடிப்போகிற வாக்கியங்கள் வாயில் ஓடவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் குடைக்காரம்மா கையுறையின் தையலைப் பார்த்து ஆளைச் சொல்கிற இடத்தில், தையல்காரம்மா "ஆகா, கெட்டிக்காரிதான்" என்றார். நீ அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னாய்.

முடித்ததும் நான்தான் கேட்டேன், "யாருன்னு சொல்லு பாக்கலாம்?"

"வண்டி சுத்தம் பண்றவரோட மச்சான். அஞ்சாவதுலயே தெரிஞ்சுபோச்சு."

"சரி, மாத்தி எழுதறேன்."

"அதுக்கில்லடா. ஆள மாத்தினா மட்டும் சரியாயிடாது."

"பின்ன?"

நீ கையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாய். பிறகு சொன்னாய்: "முன்னல்லாம் ஒரு குடை கிடைச்சா, ஐயோ, மழையில நனைஞ்சுக்கிட்டுப் போயிருப்பாங்களேன்னு முதல்ல நினைப்பா. அப்புறம்தான் மத்ததெல்லாம். இவ அந்தக் கையுறைய எடுத்ததுலேருந்து கெட்டிக்காரத்தனம் காட்டிக்கிட்டே இருக்கா. தொலைச்சவன் கை வெறைச்சுப்போயிருக்குமேன்னு ஒரு தடவகூட நினைக்கல. எனக்கு அவளத் தெரியலடா."

நான் காகிதங்களை அடுக்கினேன். நீ, "சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றாய். "சேச்சே" என்றேன். அதற்குப் பிறகு நாம் சமையலைப் பற்றித்தான் பேசினோம்.

நீ சொன்னது சரி. ஏழு பேர் மேடையில் ஒரு மணி நேரம் தேடியதை நீ எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாய். அது என்னிடம் இப்போது இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எதிர்சீட்டுக்காரர், "சார் ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன்.

உன் தம்பி


அக்டோபர் 11

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதம் வரவில்லை. தையல்காரம்மாவுக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். கண் எப்படி இருக்கிறது? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாயா?

பதிப்பாளரிடம் புத்தகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "எந்தப் பகுதி சார் பிரச்சினை?" என்றார். முழுவதும் என்றேன்.

தாடிக்காரர் மறுபடி வந்தார். பன்னிரண்டாவது எப்போது என்று அவரும் கேட்டார்.

"நான் எழுதலைங்க. நீங்க எழுதுறீங்களா?"

"சார், விளையாடாதீங்க."

"எழுதியிருக்கணும்னு சொன்னீங்கல்ல? எடுத்துக்கோங்க. என் பேரு போட வேண்டாம், உங்க பேரே போடுங்க. பதிப்பாளர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் தாடியைத் தடவவும் மறந்து உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், பயந்துபோனார். மெதுவாகக் கேட்டார், "அவங்க எப்பவாச்சும் அழுவாங்களா சார்? பதினோரு புக்லயும் ஒரு எடத்துலகூட அழல. அத நான் எப்பவும் யோசிப்பேன்."

எனக்கு ஒருமுறைகூட அது தோன்றியதில்லை அக்கா. சரியான ஆளிடம்தான் போகிறாள் என்று நினைத்தேன். "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன். இருபது வருடமாக எதைப் பார்த்தாலும், இதற்குக் குடைக்காரம்மா என்ன சொல்வாள் என்று உள்ளே ஒரு கேள்வி ஓடும், பதிலும் வரும். அதனால்தானோ என்னவோ, இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று எனக்கு இத்தனை நாள் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பால் பொங்கி வழிந்தது, துணியால் துடைத்தேன். உள்ளே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு டிவி சத்தம் கேட்டது.

ஒன்று கேட்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, தையல் அறைக்குப் பக்கத்தில் ஒரு அறை பூட்டிக் கிடந்ததே, அதற்கு யாராவது வந்துவிட்டார்களா? சும்மாதான் கேட்கிறேன். உன்னைப் பார்த்துக்கொள்வதற்காக என்று நினைத்துவிடாதே, நீ உன்னைப் பார்த்துக்கொள்வாய். எனக்கு இங்கே முழங்காலுக்கு மாடி ஒத்துவரவில்லை.

உன் தம்பி


அக்டோபர் 22

அன்புள்ள பொடியா,

சுகம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். தாடிக்காரருக்குக் கொடுத்தது நல்லது. எழுதி முடித்தால் ஒரு பிரதி அனுப்பச் சொல், யாராவது படித்துக் காட்டுவார்கள்.

அந்த அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லிவிடுகிறேன், வெளிச்சம் போதாது. மழை வந்தால் ஒரு மூலை ஓதமடிக்கும். தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். மெஷின் சத்தம் நாள் முழுக்க இருக்கும், உனக்கு எழுத ஓடாது. இருக்கிற வீட்டை விட்டுவிட்டு அவசரப்படாதே. நன்றாக யோசித்துக்கொள். எனக்காக எதுவும் செய்ய வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

(அண்ணே, மேல இருக்கறது அக்கா சொன்னது, சொன்னபடியே எழுதிட்டேன். இனிமே நான் எழுதறது அவங்களுக்குத் தெரியாது. உங்க கடிதம் வந்தது முந்தாநாள். படிச்சு முடிச்சதும் இன்னொரு தடவ படின்னாங்க. அப்புறம் அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டாங்க. நேத்துக் காலையிலேருந்து அங்கதான் இருக்காங்க. தரையில உட்காந்துக்கிட்டு, எங்க துடைச்சோம் எங்க துடைக்கலன்னு கையால தொட்டுத் தொட்டுப் பாத்து, ஓரம் ஓரமா துடைச்சுக்கிட்டே வர்றாங்க. நான் பண்றேன்னா விடமாட்டேங்கறாங்க. இப்பத்தான் ஜன்னல் பக்கம் வந்திருக்காங்க.)